துருவ எரிமலை மண்ணில் தனித்து வாழும் நுண்ணுயிரிகளின் பரிணாமம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அண்டார்க்டிகாவின் பனிக்கு நடுவே சில எரிமலைகளின் உச்சியில் ஆவி பறக்கும் சூடான மண் திட்டுகள் உள்ளன. அந்த மண்ணில் வாழும் பாக்டீரியாக்களும் ஆர்க்கியாக்களும் (பாக்டீரியா போன்ற, ஆனால் தனிப் பிரிவைச் சேர்ந்த ஒற்றைச் செல் உயிரிகள்) உலகின் பிற பகுதிகளிலிருந்து துண்டிக்கப்பட்டு, தம் போக்கில் மாறி வந்துள்ளனவா என்பதே இந்தப் பக்கத்தின் பொருள். உயிரியலில் பள்ளி அளவு அறிமுகம் உள்ளவர்களையும், இத்துறைக்குள் வர விரும்பும் கல்லூரி மாணவர்களையும் மனத்தில் வைத்து விடைகள் எழுதப்பட்டுள்ளன.

எந்த இடங்களைப் பற்றிப் பேசுகிறோம்?

ராஸ் கடலை ஒட்டிய மூன்று எரிமலைகள் முதன்மையானவை. முதலாவது ராஸ் தீவிலுள்ள எரபஸ். 3,794 மீட்டர் உயரமுள்ள இந்த எரிமலையை 1841இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் தலைமையிலான கடற்பயணக் குழு கண்டது. அக்குழுவின் கப்பலின் பெயரே மலைக்கு வைக்கப்பட்டது. இன்றளவும் அதன் வாயில் எரிமலைக் குழம்பு ஏரியாகத் தேங்கிக் கொதிக்கிறது. இரண்டாவது, அங்கிருந்து ஏறக்குறைய 350 கி.மீ. வடக்கே உள்ள மெல்போர்ன் மலை. மூன்றாவது, அதற்கும் ஏறக்குறைய 100 கி.மீ. அப்பாலுள்ள ரிட்மன் மலை. இம்மூன்றும் உயரமான, மனிதர் எளிதில் எட்ட முடியாத இடங்கள்.

இவற்றுக்கு நேர்மாறானது தெற்கு ஷெட்லாந்து தீவுக்கூட்டத்திலுள்ள டிசெப்ஷன் தீவு. உள்ளே இடிந்து கடல் புகுந்த எரிமலை வாய்தான் அந்தத் தீவு. கப்பல்கள் நேராக உள்ளே செல்லலாம். திமிங்கில வேட்டைக்காரர்கள் முதல் இன்றைய சுற்றுலாப் பயணிகள் வரை ஏராளமானோர் அங்கே கால் வைத்துள்ளனர். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இந்த வேறுபாடே பெரிதும் உதவுகிறது.

சுற்றிலும் பனி உறைந்திருக்க, மண் மட்டும் எப்படிச் சூடாக இருக்கிறது?

ஆழத்திலுள்ள எரிமலைக் குழம்பின் வெப்பத்தால் பனி உருகி ஆவியாகி, பாறை விரிசல்கள் வழியே மேலே வருகிறது. எரபஸின் உச்சிக்குச் சற்றுக் கீழே, ஏறக்குறைய 3,400 மீட்டர் உயரத்தில், டிராம்வே ரிட்ஜ் என்னும் சரிவு உள்ளது. அங்கே மேற்பரப்பு மண்ணே 65 பாகை செல்சியஸ் வரை சூடாக இருக்கும். அதே நேரத்தில் அதற்கு மேலே உள்ள காற்று, கோடையில்கூட உறைநிலைக்கு வெகு கீழே இருக்கும். ஆவித்துளையின் வாயில் 60 பாகைக்கு மேல் இருக்கும் மண், சில அடி தள்ளிப் போனால் உறைந்து கிடக்கும். வெளியேறும் ஆவி குளிர்ந்த காற்றில் பட்டவுடன் உறைந்து, துளைகளைச் சுற்றிப் பனிக் குவியல்களாகவும் சில இடங்களில் உயர்ந்த பனிக் கோபுரங்களாகவும் எழுகிறது.

உயிர்களின் கண்ணோட்டத்தில் வெப்பத்தைவிட நீரே இங்கே பெரிய வரம். அண்டார்க்டிகாவின் பெரும்பகுதியில் நீர் பனிக்கட்டியாக இருப்பதால் எந்தச் செல்லுக்கும் பயன்படுவதில்லை. ஆவித்துளைகளைச் சுற்றி மட்டும் ஆண்டு முழுவதும் திரவ நீர் கிடைக்கிறது. சூடான இந்தச் சிறு திட்டுகளிலிருந்து வெளியே ஓரிரு மீட்டர் நகர்ந்தாலும், 60 பாகையில் வளரப் பழகிய ஒரு நுண்ணுயிரியால் அங்கே பெருக முடியாது. இவற்றைத் தீவுகள் என்று அறிவியலாளர்கள் அழைப்பது அதனால்தான்.

அங்கே எவை வாழ்கின்றன? எதை உண்டு வாழ்கின்றன?

வெளிச்சம் படும் மேற்பரப்பில் ஒளிச்சேர்க்கை செய்யும் சயனோபாக்டீரியாக்கள் வாழ்கின்றன. உலகின் பல வெந்நீர் ஊற்றுகளில் காணப்படும் மாஸ்டிகோகிளாடஸ் லாமினோசஸ் எரபஸிலும் உள்ளது. மெல்போர்ன் மலையின் சூடான மண்ணில் நுண்ணுயிரிகளோடு சிறு பாசிச் செடிகளும் வளர்கின்றன.

மண்ணுக்குள் போகப் போக ஒளி இல்லை. அங்கே வாழ்பவை பாறையிலிருந்தும் ஆவியோடு வரும் வாயுக்களிலிருந்தும் ஆற்றல் பெற வேண்டும். அல்லது மேலே உள்ளவை விட்டுச்செல்லும் கரிமப் பொருளைச் சார்ந்திருக்க வேண்டும். ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, அம்மோனியா போன்றவற்றை ஆக்சிஜனேற்றம் செய்து அந்த ஆற்றலில் வாழும் நுண்ணுயிரிகள் உலகெங்கும் அறியப்பட்டவை. அண்டார்க்டிகாவின் குளிர்ந்த பாலை மண்ணில்கூட, காற்றிலுள்ள மிகச் சிறிதளவு ஹைட்ரஜனையும் கார்பன் மோனாக்சைடையும் கொண்டே பாக்டீரியாக்கள் வாழ்வதை 2017இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அப்படியிருக்க, வாயுக்கள் இடைவிடாமல் வெளியேறும் எரிமலை மண் இத்தகைய வாழ்க்கை முறைக்கு ஏற்ற இடமாக இருப்பதில் வியப்பில்லை.

நுண்ணுயிரிகளைக் காற்று எங்கும் கொண்டுபோகும் அல்லவா? பிறகு அவை எப்படித் தனித்திருக்க முடியும்?

இத்துறையின் மையக் கேள்வியே இதுதான். "எல்லாம் எங்கும் உள்ளன, ஆனால் சூழல் தேர்ந்தெடுக்கிறது" என்று டச்சு அறிவியலாளர் பாஸ் பெக்கிங் 1934இல் எழுதினார். நுண்ணுயிரிகள் மிகச் சிறியவை, எண்ணற்றவை. ஆகவே அவற்றுக்குப் புவியியல் தடை எதுவும் இல்லை என்ற கருத்து அதிலிருந்து வலுப்பெற்று, பல பத்தாண்டுகள் நிலைத்தது.

அக்கருத்துக்கு ஆதரவான சான்றுகள் இன்றும் உள்ளன. ஸ்வால்பார்டு தீவுகளை ஒட்டிய ஆர்க்டிக் கடலடிச் சேற்றில், எப்போதும் உறைநிலைக்கு அருகில் இருக்கும் இடத்தில், சூடுபடுத்தினால் மட்டுமே விழித்தெழும் பாக்டீரியா வித்துகள், அதாவது தடித்த உறையோடு உறங்கும் செல்கள், கிடக்கின்றன. ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுதோறும் பத்துக் கோடிக்கு மேற்பட்ட இத்தகைய வித்துகள் அங்கே வந்து படிவதாக 2009இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. தங்களால் வளரவே முடியாத இடத்திற்கு இவ்வளவு வித்துகள் வந்து சேர்கின்றன என்றால், பயணம் நடக்கிறது என்பதில் ஐயமில்லை.

ஆனால் எல்லா நுண்ணுயிரிகளும் வித்து உண்டாக்குவதில்லை. ரேச்சல் விட்டேக்கரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன், லாசன், ரஷ்யாவின் கம்சட்கா, ஐஸ்லாந்து ஆகிய இடங்களின் அமில வெந்நீர் ஊற்றுகளிலிருந்து சல்ஃபோலோபஸ் என்னும் ஆர்க்கியாவைப் பிரித்தெடுத்து, அவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டனர். ஒவ்வொரு பகுதியின் கூட்டமும் தனித்தனிக் கிளையாக நின்றது. தொலைவு கூடக் கூட மரபணு வேறுபாடும் கூடியது. 2003இல் வெளியான இந்த முடிவுக்குப் பிறகு, நுண்ணுயிரிகளுக்கும் புவியியல் தடை உண்டு என்பதை மறுப்பது கடினமாகிவிட்டது.

ஆகவே "காற்று கொண்டுபோகுமா" என்று பொதுவாகக் கேட்பதைவிட, எந்த நுண்ணுயிரி, எந்த வடிவில், எவ்வளவு அடிக்கடி, உயிரோடு போய்ச் சேருகிறது என்று கேட்பதே பயன் தரும். எரபஸுக்கு மிக அருகில் அண்டார்க்டிகாவுக்கு வெளியே உள்ள சூடான நிலம் 4,000 கி.மீ.க்கும் அப்பால் நியூசிலாந்தில் உள்ளது. அந்தத் தொலைவை ஆக்சிஜன், புற ஊதாக் கதிர், வறட்சி, உறைகுளிர் ஆகிய நான்கையும் தாங்கிக் கடக்க வேண்டும்.

எரபஸில் இதுவரை கண்டவற்றில் முக்கியமானது எது?

மேல்மண்ணும் அடிமண்ணும் இரு வேறு கதைகளைச் சொல்வதுதான். நியூசிலாந்தின் வைக்காட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் டிராம்வே ரிட்ஜின் சூடான மண்ணை அடுக்கு அடுக்காக எடுத்து, ஒவ்வொன்றிலுமுள்ள நுண்ணுயிரிகளை மரபணு வரிசையால் அடையாளம் கண்டு, 2014இல் முடிவுகளை வெளியிட்டனர். மேற்பரப்பில் இருந்தவற்றுள் பல, உலகின் பிற வெப்ப நிலங்களிலும் காணப்படுபவை. காற்றின் வழியாக வந்திருக்கக்கூடியவை. அதற்குக் கீழே, வெறும் சில சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்த சமூகமோ பெரிதும் வேறுபட்டது. அங்கே இருந்த சில பாக்டீரியாக்களும் ஆர்க்கியாக்களும், அறியப்பட்ட எந்தக் குழுவோடும் நெருங்கிய உறவு காட்டாமல், உயிர் மரத்தில் மிகப் பழைய காலத்திலேயே பிரிந்த கிளைகளாக நின்றன.

என்னுடைய மதிப்பீட்டில் இந்த ஆய்வின் வலிமை, அது ஒரே இடத்துக்குள்ளேயே ஒப்பீட்டைச் செய்ததில் உள்ளது. வெவ்வேறு கண்டங்களை ஒப்பிடும்போது வெப்பநிலை, அமிலத்தன்மை, பாறை வகை என அனைத்தும் ஒருசேர மாறுவதால், வேறுபாட்டுக்குத் தொலைவு காரணமா சூழல் காரணமா என்று பிரித்தறிவது கடினம். இங்கே மேலடுக்கும் கீழடுக்கும் ஒரே எரிமலையின் ஒரே சரிவைச் சேர்ந்தவை. காற்றிலிருந்து விழுபவை முதலில் மேலடுக்கில்தான் தங்குகின்றன. அவற்றுள் மிகச் சிலவே கீழே இறங்கி, அங்கே நெடுங்காலமாக ஊன்றியிருப்பவற்றோடு போட்டியிட முடிகிறது. கீழடுக்கின் வெப்பம், ஆக்சிஜன் அளவு, வேதியியல் ஆகியவை மேலடுக்கிலிருந்து வேறுபடுகின்றன என்பதையும் மறக்கக் கூடாது. அந்த வேறுபாடும் விளக்கத்தில் ஒரு பங்கு வகிக்கிறது.

ஓர் உயிரினம் வேறெங்கும் கிடைக்கவில்லை என்றால், அது அங்கேயே உருவானது என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. இத்துறையில் மிகுதியாக நடக்கும் தாவல் இதுதான். வேறெங்கும் கிடைக்காமைக்குக் குறைந்தது மூன்று காரணங்கள் இருக்கலாம். அது உண்மையில் அங்கேயே பிரிந்து உருவாகியிருக்கலாம். ஒரு காலத்தில் பரவலாக இருந்து, பிற இடங்களில் அழிந்து, இங்கே மட்டும் எஞ்சியிருக்கலாம். அல்லது வேறு இடங்களிலும் வாழ்ந்துகொண்டிருக்கலாம். அங்கே யாரும் போதிய அளவு தேடாமல் இருந்திருக்கலாம். ஆழ்நிலப் பாறைகளும் கடலடி வெப்பத் துளைகளும் இன்னும் மிகக் குறைவாகவே ஆராயப்பட்டுள்ளன.

முதல் விளக்கத்தை நிறுவ வேண்டுமானால், "இங்கே உள்ளது, அங்கே இல்லை" என்ற பட்டியல் போதாது. நெருங்கிய உறவுடைய கூட்டங்கள் பல இடங்களிலிருந்து கிடைக்க வேண்டும். அவற்றின் மரபணுத் தொகுதிகளில் பிரிவின் தடம், அதாவது ஒரு கூட்டத்திற்குள் பகிரப்பட்டு மற்றதில் இல்லாத மாற்றங்களின் தொகுப்பு, தெளிவாகத் தெரிய வேண்டும். மிகப் பழைய கிளை ஒன்று எரபஸில் கிடைப்பது வியப்பூட்டும் செய்திதான். ஆனால் அந்தக் கிளை எரபஸைவிட மூத்தது. எரபஸ் எரிமலைக்கு ஏறக்குறைய 13 லட்சம் ஆண்டுகளே வயது. ஆகவே அதன் முன்னோர்கள் வேறெங்கிருந்தோ அங்கே வந்தவர்கள்தாம். தனிமையில் நடந்த பரிணாமத்தைத் தேட வேண்டியது அந்தக் கிளை தொடங்கிய இடத்தில் அல்ல, அதன் நுனியில்.

தனித்துவிடப்பட்ட கூட்டத்தில் பரிணாமம் எப்படி நடக்கிறது?

அடிப்படைப் பொருள் திடீர்மாற்றம், அதாவது டிஎன்ஏ நகலெடுக்கப்படும்போது ஏற்படும் பிழை. பல நுண்ணுயிரிகளில் ஏறக்குறைய 300 செல் பிரிவுகளுக்கு ஒரு முறை, முழு மரபணுத் தொகுதியில் ஏதோ ஓரிடத்தில் ஒரு பிழை நேர்கிறது. இது மிக அரிதாகத் தோன்றலாம். ஒரு கிராம் மண்ணில் பத்து லட்சம் செல்கள் இருப்பதாக வைத்துக்கொண்டால், அவை அனைத்தும் ஒரே ஒரு முறை பிரிந்தாலே அந்தச் சிட்டிகை மண்ணில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட புதிய மாற்றங்கள் தோன்றிவிடும். பெரும்பாலானவை கேடு விளைவிப்பவை அல்லது எந்த விளைவும் இல்லாதவை. மிகச் சிலவே பயன் தருபவை.

அடுத்து வருவது இயற்கைத் தேர்வு. 65 பாகையில் புரதங்கள் குலையாமல் இருக்க வேண்டும், செல் சவ்வு இளகிவிடக் கூடாது. இந்த நெருக்கடியில், வெப்பத்தைச் சற்றே கூடுதலாகத் தாங்கும் மாற்றம் பெற்ற செல் மற்றவற்றை முந்திச் செல்லும். சிறிய கூட்டங்களில் இதற்கு இணையாக மரபியல் நகர்வும் செயல்படுகிறது: எந்தச் செல் பிழைத்தது என்பது தகுதியால் அல்லாமல் தற்செயலால் தீர்மானிக்கப்படும்போது, பயனற்ற மாற்றங்கள்கூடக் கூட்டம் முழுவதும் பரவிவிடும். ஓர் ஆவித்துளை அடைபட்டு மண் உறைந்து, பக்கத்தில் வேறொன்று திறக்கும்போது, அங்கே குடியேறும் சில செல்களின் வழித்தோன்றல்களே புதிய கூட்டமாகின்றன. அந்தச் சிலவற்றிடம் தற்செயலாக இருந்த மரபணுக்களே அதன் தொடக்க மூலதனம்.

நுண்ணுயிரிகளிடம் இன்னொரு வழியும் உண்டு. அவை பெற்றோரிடமிருந்து மட்டுமின்றி அண்டையில் உள்ளவற்றிடமிருந்தும் மரபணுக்களைப் பெறுகின்றன. வைரஸ்களும், செல்லுக்குள் தனியே இருக்கும் சிறு டிஎன்ஏ வளையங்களான பிளாஸ்மிட்டுகளும் இதற்கு வாகனங்கள். வெளியிலிருந்து வந்த ஒரு செல் அங்கே வாழ முடியாமல் இறந்தாலும், அதன் டிஎன்ஏ துண்டு உள்ளூர்ச் செல் ஒன்றுக்குள் நுழைந்து நிலைத்துவிடலாம். ஆகவே ஒரு செல்லின் தனிமையும் அதன் மரபணுக்களின் தனிமையும் ஒன்றல்ல.

எவ்வளவு குடியேற்றம் இருந்தால் தனிமை முறியும்?

மக்கள்தொகை மரபியலில் சூவல் ரைட் தந்த ஒரு விதி இங்கே உதவும். இரு கூட்டங்களுக்கிடையே தலைமுறைக்குச் சராசரியாக ஓர் உயிரி இடம்பெயர்ந்து இனப்பெருக்கத்தில் கலந்தாலே, தேர்வுக்கு உட்படாத மரபணுக்களில் அவை பெரிதாக விலகிச் செல்வதைத் தடுக்கப் போதும் என்பதே அது. கூட்டத்தின் அளவு ஆயிரமா கோடியா என்பது இதில் பெரிதாகக் குறுக்கிடுவதில்லை. இந்த விதி பாலினப் பெருக்கம் உள்ள உயிரிகளை மனத்தில் வைத்து எழுந்தது. பிரிந்து பெருகும் பாக்டீரியாவுக்கு அப்படியே பொருந்தாது. வந்து சேரும் செல் தன் மரபணுக்களை மற்றவற்றோடு கலக்காமல் தனி வம்சமாகவே இருந்துவிடலாம். எனினும், மிகச் சிறிய அளவு வரவுகூடத் தனிமையைக் குலைக்கும் என்ற அதன் உட்பொருளை மாதிரி எடுக்கச் செல்லும் ஒவ்வொருவரும் நினைவில் கொள்ள வேண்டும். ஒரு காலணியின் அடியில் ஒட்டியிருக்கும் மண்ணிலேயே கோடிக்கணக்கான செல்கள் இருக்கும்.

மாதிரி எப்படி எடுக்கப்படுகிறது?

நுண்ணுயிரி நீக்கிய மேலுடை, கையுறை, முகமூடி, காலணி உறை ஆகியவற்றை ஆவித்துளைக்கு அருகே செல்வதற்கு முன் அணிய வேண்டும். கருவிகள் அனைத்தும் முன்கூட்டியே கிருமி நீக்கி உறையிடப்பட்டிருக்கும்; ஓரிடத்தில் பயன்படுத்தியதை அடுத்த இடத்தில் பயன்படுத்துவதில்லை. முதலில் மண்ணின் வெப்பநிலையை அளவிட்டு இடத்தைத் தேர்கிறார்கள். பிறகு மேலுள்ள சரளையையும் பாசிப் படலத்தையும் தனியே எடுத்து, அடுத்த அடுக்கைப் புதிய கரண்டியால் தனிக் குழாயில் இடுகிறார்கள். மேலடுக்கின் துகள்கள் குழிக்குள் சரிந்து விழுந்தால் அந்த மாதிரியின் மதிப்பே போய்விடும் என்பதால், குழியின் ஓரத்தைச் சரிவாக வெட்டி, கீழடுக்கை நடுவிலிருந்து எடுப்பார்கள். டிஎன்ஏ ஆய்வுக்கானது உடனே உறைய வைக்கப்படும். உயிரோடு வளர்க்க வேண்டியதையோ உறைய விடக் கூடாது. 60 பாகையில் வாழ்ந்த செல்கள் சில நிமிடங்களில் உறைநிலைக்குக் கீழே போனால் பல இறந்துவிடும். சுற்றிலும் கடுங்குளிர் இருக்கும் இடத்தில் ஒரு குழாயைச் சூடாக வைத்திருப்பது சிறிய வேலை அல்ல.

மாதிரியோடு வெற்றுக் குழாய்களும் செல்கின்றன. அங்கே திறந்து மூடப்பட்ட, மண் இடப்படாத இக்குழாய்கள், ஆய்வகத்தில் மற்றவற்றைப் போலவே எல்லாப் படிகளையும் கடக்கும். டிஎன்ஏ பிரித்தெடுக்கும் வேதிப்பொருள்களிலேயே பாக்டீரியா டிஎன்ஏ சிறிதளவு கலந்திருப்பது பலமுறை காட்டப்பட்டுள்ளது. செல்கள் குறைவாக உள்ள மண்ணில் அந்தக் கலப்பே முடிவின் பெரும்பகுதியாகிவிடும் அபாயம் உண்டு. வெற்றுக் குழாயின் முடிவுகளை வெளியிடாத ஆய்வை நம்பி எதையும் கட்ட வேண்டாம் என்பதே என் கருத்து.

ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பதுதானே எளிது?

வளர்பவற்றை வளர்த்திருக்கிறார்கள். ரிட்மன் மலை மண்ணிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு 2006இல் விவரிக்கப்பட்ட அனாக்சிபேசிலஸ் அமைலோலிட்டிகஸ் நல்ல எடுத்துக்காட்டு. சூட்டில் வளர்ந்து ஸ்டார்ச்சைச் சிதைக்கக்கூடிய பாக்டீரியா அது. ஆனால் வளர்ப்புத் தட்டில் எளிதில் எழுபவை பெரும்பாலும் வித்து உண்டாக்கும் பேசிலஸ் வகையினவே. அவை தாம் மிகுதியாகப் பயணம் செய்யக்கூடியவையும்கூட. ஆகவே வளர்ப்பை மட்டும் நம்பினால், தனித்திருக்க வாய்ப்பு மிகக் குறைந்த உயிரிகளை வைத்தே தனிமையை ஆராய்ந்தவர்களாவோம். அடிமண்ணின் பழங்கிளை ஆர்க்கியாக்களை வளர்க்க, அவற்றின் வாயுத் தேவை, துணை உயிரிகள், மெதுவான வளர்ச்சி ஆகியவற்றை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். மாதக்கணக்கில் காத்திருக்கும் பொறுமையும் வேண்டும்.

மரபணு வரிசையில் எதைத் தேடுகிறார்கள்?

தொடக்கத்தில் 16எஸ் ரைபோசோம் ஆர்என்ஏ மரபணு ஒன்றை மட்டும் படித்தார்கள். யார் யார் இருக்கிறார்கள் என்று அறிய அது போதும். ஆனால் மிக மெதுவாக மாறும் மரபணு என்பதால் அண்மைக்காலப் பிரிவுகளை அது காட்டாது. இப்போது மண்ணிலுள்ள மொத்த டிஎன்ஏவையும் படித்து, துண்டுகளைக் கணினியில் சேர்த்து, தனித்தனி உயிரிகளின் மரபணுத் தொகுதிகளை மீட்டெடுக்கிறார்கள்.

இரு தொகுதிகளின் பொதுப்பகுதி ஏறக்குறைய 95 விழுக்காட்டுக்கு மேல் ஒத்திருந்தால் ஒரே இனம் எனக் கொள்வது வழக்கம். அந்த இனத்துக்குள், இடத்துக்கு இடம் மாறும் ஒற்றை எழுத்து வேறுபாடுகளைக் கணக்கிட்டால், கூட்டங்களுக்கிடையே கலப்பு உண்டா என்பது தெரியவரும். புரதத்தை மாற்றும் பிழைகளையும் மாற்றாத பிழைகளையும் ஒப்பிட்டால், எந்த மரபணுக்களின் மீது தேர்வு அழுத்தம் இருந்தது என்பது புலப்படும்.

எனக்கு மிகவும் பிடித்தமான தடயம் கிரிஸ்பர். பாக்டீரியாவும் ஆர்க்கியாவும் தம்மைத் தாக்கிய வைரஸின் டிஎன்ஏ துண்டுகளைத் தம் தொகுதியில் வரிசையாகச் சேர்த்து வைக்கின்றன. புதியது பொதுவாக ஒரு முனையில் சேரும். ஆகவே அந்த வரிசை, அக்கூட்டம் சந்தித்த வைரஸ்களின் கால வரிசைப்படியான பதிவேடு. இரு எரிமலைகளின் ஒரே இனத்தில் பழைய முனை ஒன்றாகவும் புதிய முனை வேறாகவும் இருந்தால், பொது முன்னோரிடமிருந்து பிரிந்த பின் அவை வெவ்வேறு வைரஸ்களோடு போராடின என்று கொள்ள வலுவான அடிப்படை கிடைக்கும்.

இறந்த செல்களின் டிஎன்ஏ குழப்பம் தராதா?

தரும். செல் இறந்த பின்னும் அதன் டிஎன்ஏ மண் துகள்களில் ஒட்டிக்கொண்டு நீண்ட காலம் நிலைக்கும். பல்வேறு மண்களில் செய்யப்பட்ட ஆய்வு ஒன்று 2016இல், மண்ணிலுள்ள டிஎன்ஏவில் சராசரியாக 40 விழுக்காடு இத்தகையது என்று காட்டியது. குளிர்ந்த ஓரங்களில் இச்சிக்கல் கூடும். 60 பாகையில் ஈரமான மண்ணில் டிஎன்ஏ விரைவாகச் சிதையும். உயிருள்ள செல்லின் சவ்வைக் கடக்க முடியாத சாயம் ஒன்றால் வெளி டிஎன்ஏவை முடக்கிவிட்டு எஞ்சியதை மட்டும் படிப்பது ஒரு வழி. டிஎன்ஏவுக்குப் பதில் ஆர்என்ஏவைப் படிப்பது மற்றொரு வழி.

எப்போது பிரிந்தன என்று ஆண்டுக் கணக்கில் சொல்ல முடியுமா?

திடீர்மாற்ற வீதம் தெரியும், வேறுபாடுகளின் எண்ணிக்கையும் தெரியும். வகுத்தால் காலம் வரும் என்று தோன்றும். ஆனால் அந்த வீதம் தலைமுறைக்கு உரியது, ஆண்டுக்கு உரியதன்று. ரிச்சர்ட் லென்ஸ்கி 1988இல் தொடங்கிய ஆய்வில், ஒரே மூதாதையிலிருந்து பிரிக்கப்பட்ட 12 ஈ.கோலி பாக்டீரியாக் கூட்டங்கள் நாளொன்றுக்கு ஆறு முதல் ஏழு தலைமுறைகள் காண்கின்றன. இரையும் வாயுவும் அரிதான மண்ணில் ஒரு செல் பிரிய நாள்களோ மாதங்களோ ஆகலாம். வித்தாக உறங்கினால் ஆண்டுகள் கடந்தும் பிரியாமல் இருக்கும். இரு இடங்களின் தலைமுறைக் காலம் பத்து மடங்கு வேறுபட்டால் கணக்கும் பத்து மடங்கு பிசகும். எனவே ஒழுங்காகச் செய்யப்பட்ட ஆய்வுகள் ஆண்டுகளைவிட வரிசையையே சொல்கின்றன: எது முதலில் பிரிந்தது, எது பின்னர் பிரிந்தது என்று.

அந்த ஆய்வு தரும் இன்னொரு பாடமும் இங்கே பொருந்தும். 12 கூட்டங்களும் பல வகையில் ஒரே திசையில் மாறின. ஆனால் ஆக்சிஜன் உள்ள சூழலில் சிட்ரேட்டை உண்ணும் திறன், 30,000 தலைமுறைகளுக்குப் பிறகு ஒரே ஒரு கூட்டத்தில்தான் தோன்றியது. ஒரே நெருக்கடி, ஒரே தொடக்கம், வெவ்வேறு முடிவு. ஒத்த வெப்பமுள்ள இரு எரிமலைகளில் ஒரே மாதிரியான உயிரிகளை எதிர்பார்ப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

எரிமலை வெடித்தால் இந்தச் சமூகங்கள் என்னவாகும்?

டிசெப்ஷன் தீவில் 1967, 1969, 1970 ஆகிய ஆண்டுகளில் வெடிப்புகள் நிகழ்ந்தன. ஆய்வு நிலையங்கள் அழிந்தன. பழைய மண் சாம்பலில் புதைந்து, புதிய நிலம் தோன்றியது. அங்கே பனியாற்றின் அருகே உறைநிலையிலிருந்து ஆவித்துளை வாயில் கொதிநிலையை நெருங்கும் வெப்பம் வரை குறுகிய தொலைவுக்குள் காண முடிகிறது. வெடிப்பு அழிக்கவும் செய்கிறது, காலி நிலத்தைத் தந்து குடியேற்றத்தைத் தொடங்கியும் வைக்கிறது. ஆகவே தனிமையின் நீளத்தை அளக்க எண்ணுபவர் மலையின் வயதை மட்டும் பார்த்தால் போதாது. அந்தக் குறிப்பிட்ட திட்டு எவ்வளவு காலமாக இடையறாமல் சூடாக இருந்தது என்று கேட்க வேண்டும்.

யார் வேண்டுமானாலும் போய் மண் எடுக்க முடியுமா?

முடியாது. அண்டார்க்டிக் ஒப்பந்தம் 1959இல் கையெழுத்தாகி 1961இல் நடைமுறைக்கு வந்தது. 1991இல் கையெழுத்தான சுற்றுச்சூழல் நெறிமுறை 1998 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி எரபஸ், மெல்போர்ன், ரிட்மன் ஆகியவற்றின் சூடான நிலங்கள் சேர்ந்து 175ஆம் எண்ணுள்ள சிறப்புப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டுள்ளன. தன் நாட்டின் உரிய அமைப்பிடம் அனுமதி பெறாமல் உள்ளே நுழைய இயலாது. டிராம்வே ரிட்ஜின் ஒரு பகுதிக்குள் ஆய்வாளர்கள்கூட நுழையக் கூடாது என ஒதுக்கப்பட்டுள்ளது. இதைத் தடையாகப் பார்ப்பவர்களோடு நான் முற்றிலும் முரண்படுகிறேன். கால்படாத நிலம் ஒன்று ஒப்பீட்டுக்கு எஞ்சியிருக்க வேண்டும். மற்ற இடங்களில் காணும் மாற்றம் இயற்கையானதா நாம் கொண்டுவந்ததா என்று பின்னாளில் சோதிக்க வேறு வழியில்லை.

இதனால் நடைமுறைப் பயன் உண்டா?

யெல்லோஸ்டோனின் வெந்நீரிலிருந்து கிடைத்து 1969இல் விவரிக்கப்பட்ட தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்னும் பாக்டீரியாவின் நொதி, இன்று டிஎன்ஏவைப் பல மடங்கு நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் சோதனைகளின் அடித்தளம். அதைத் தேடியவர்கள் அப்பயனை எண்ணித் தேடவில்லை. துருவ மண்ணிலும் சூட்டைத் தாங்கும் நொதிகள் கிடைத்துள்ளன. எனினும் இந்த ஆய்வின் மதிப்பு, பரிணாமத்தில் தனிமைக்கு என்ன பங்கு என்ற கேள்விக்கு இயற்கையே அமைத்துத் தந்த சோதனைக் களமாக இவ்விடங்கள் இருப்பதில்தான் உள்ளது.

அண்டார்க்டிகாவுக்குப் போக முடியாத மாணவர் இத்துறையில் எதையாவது செய்ய முடியுமா?

நிறையவே செய்யலாம். வெளியான ஆய்வுகளின் மரபணு வரிசைகள் பொதுத் தரவுத்தளங்களில் எவரும் இலவசமாகப் பதிவிறக்கும் வகையில் உள்ளன. எரபஸ் அடிமண்ணின் வரிசை ஒன்றை எடுத்து, அதற்குப் பிறகு உலகெங்கும் சேர்ந்துள்ள வெப்ப மண், ஆழ்நில நீர், கடலடித் துளை மாதிரிகளின் தரவுகளில் தேடிப் பார்ப்பது ஒரு நல்ல தொடக்கம். முன்பு தனித்தது எனக் கருதப்பட்ட ஒன்றுக்கு நெருங்கிய உறவு வேறெங்காவது கிடைத்தால் அது ஒரு கண்டுபிடிப்பு. கிடைக்காவிட்டால் தனிமைக்கான சான்று அந்த அளவுக்கு வலுப்பெறும். தேடிய தரவுகள் எவை, எந்த ஒற்றுமை அளவை எல்லையாகக் கொண்டீர்கள் என்பதை முதல் நாளிலிருந்தே எழுதி வையுங்கள். புள்ளியியலும் கட்டளை வரியில் கணினியைக் கையாளும் பழக்கமும் இதற்கு வேண்டும். இரண்டையும் இத்தேடலின் ஊடாகவே கற்றுக்கொள்ளலாம்.